ஞானப்பல் நாலையும் ஒரே நாள்ல எடுக்கச் சொல்றாங்க, எடுக்கலாமா?

கேள்வி, 14 அக்டோபர் 2023 (சிங்கப்பூர், பொங்கோல்லேர்ந்து ஒரு தங்கச்சி)

வயசு 27. வலி ஒண்ணும் இல்ல. பல்லு கிளீன் பண்ணத்தான் போனேன். எக்ஸ்ரே எடுத்துட்டு, நாலு ஞானப்பல்லையும் மயக்கம் குடுத்து ஒரே தடவைல எடுத்துடலாம், மெடிசேவ்ல (மசேநிதில இருக்குற மருத்துவச் சேமிப்பு) கழிச்சுக்கலாம், கையிலேர்ந்து பெருசா எதுவும் போகாதுன்னாங்க. தீபாவளிக்கு முன்னாடியே முடிச்சுடலாமாம். வீட்டுல அம்மா, மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும்னு ஒரே புலம்பல். எடுத்தவங்க யாராவது உள்ளதைச் சொல்லுங்க.

பதில், 14 அக்டோபர், ராத்திரி

இப்பவே கையெழுத்து போட்டுடாத தங்கச்சி. வலி இல்லாத பல்லை எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியா காரணம் கேளு, அவ்வளவுதான். "நாலையும்"னா அது காரணம் கிடையாது, பேக்கேஜ்.

ஞானப்பல் பொதுவா 17லேர்ந்து 25 வயசுக்குள்ள வரும். தாடையில இடம் பத்தலைன்னா சாஞ்சோ, படுத்தோ, பாதி ஈறுக்குள்ளயோ நின்னுடும். நின்னுபோச்சுங்கறதுக்காகவே எடுத்தாகணும்னு இல்ல. இங்கிலாந்துல நைஸ்னு ஒரு மருத்துவ அமைப்பு, நோய் ஒண்ணும் இல்லாத புதைஞ்ச ஞானப்பல்லை முன்னெச்சரிக்கைன்னு சொல்லி எடுக்கறதை நிறுத்துங்கன்னு 2000ஆம் வருஷமே சொல்லிடுச்சு. அமெரிக்காவுல சின்ன வயசுலயே எடுத்துடற பழக்கம் ஜாஸ்தி, ஏன்னா வயசாக ஆக எலும்பு இறுகிடும், எடுக்கறதும் ஆறறதும் கஷ்டம்னு அவங்க வாதம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. அதனாலதான் உன் எக்ஸ்ரேவுல என்ன இருக்குங்கறது முக்கியம்.

எடுக்கறதுக்கு நிஜமான காரணம்னா: ஈறு மூடி திரும்பத் திரும்ப வீங்குறது, அந்தப் பல்லோ அதுக்கு முன்னாடி இருக்குற கடவாய்ப்பல்லோ சொத்தையாகறது, எலும்புக்குள்ள நீர்க்கட்டி, ரெண்டு பல்லுக்கும் நடுவுல ஈறு இறங்கிப்போறது. முன்பல்லு கோணலாயிடும், ஞானப்பல்லு தள்ளும்னு யாராச்சும் சொன்னா தலையை மட்டும் ஆட்டிட்டு வா, ஆராய்ச்சிங்க அதை ஒத்துக்கல.

15 அக்டோபர், காலைல

மெடிசேவ் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா "கையிலேர்ந்து போகாது"ங்கற பேச்சு எனக்கு எரிச்சலா வருது. மசேநிதில, அதான் சம்பளத்துலேர்ந்து புடிச்சு வைக்கற மத்திய சேமநிதில இருக்குறதும் நம்ம காசுதான்யா. இன்னைக்கு பல்லுக்குப் போனா நாளைக்கு ஆஸ்பத்திரி பில்லுக்கு அவ்வளவு கம்மி.

அடுத்து, ஈறை வெட்டி, எலும்பை உரசி எடுக்கற சர்ஜரிக்குத்தான் மெடிசேவ். இடுக்கி போட்டு அசைச்சுப் புடுங்கறதுக்கு கிடையாது. மேல் ஞானப்பல்லு நேரா வெளிய வந்திருந்தா பெரும்பாலும் சும்மா புடுங்கறதுதான், அதுக்கு சர்ஜரின்னு கிளெய்ம் போடறேன்னு யாராச்சும் சொன்னா அந்த இடத்துலேர்ந்து எழுந்து வந்துடு. எவ்வளவு எடுக்கலாம்னு சுகாதார அமைச்சு டேபிள் வச்சிருக்கு, சிக்கலைப் பொறுத்து 250 வெள்ளிலேர்ந்து (சிங்கப்பூர் டாலர்) 7,550 வெள்ளி வரைக்கும் படிப்படியா போகும், ஞானப்பல்லு சர்ஜரி கீழ்ப்படியிலதான். உன் கணக்குல பத்தலைன்னா அப்பா அம்மா, புருஷன் பொண்டாட்டி, பிள்ளைங்க கணக்குலேர்ந்தும் எடுக்கலாம்.

அவசரம் இல்லைன்னா அரசாங்க பாலிகிளினிக்ல காட்டி ரெஃபரல் வாங்கி, அவுட்ரம்ல இருக்குற நேஷனல் டென்டல் சென்டருக்குப் போனா மானியம் கிடைக்கும். காத்திருக்கணும். உனக்குத்தான் வலி இல்லையே, காத்திரு.

15 அக்டோபர், மத்தியானம்

அம்மா கண்ணு விஷயம். எங்க வீட்டுலயும் இதே கதைதான், எங்கம்மா நான் கிளினிக் போன அன்னைக்கு சாயந்தரம் காலண்டர்ல இருக்குற சின்ன எழுத்தைக் காட்டி படிடான்னாங்க. பல்லுக்கு உணர்ச்சி குடுக்கற நரம்பு வேற, பார்வை நரம்பு வேற, ரெண்டும் மூளையிலேர்ந்து தனித்தனியாவே கிளம்புது. மேல் பல்லுல பயப்பட வேண்டியது கண்ணுக்கு இல்ல, சைனஸுக்கு, அதாவது கன்னத்து எலும்புக்குள்ள இருக்குற காத்து அறைக்கு. மேல் கடவாய்ப்பல்லு வேரு சைனஸ் அறையோட தரைக்கு ரொம்ப கிட்ட இருக்கும், சில பேருக்கு எடுத்ததும் வாய்க்கும் சைனஸுக்கும் சின்ன வழி விட்டுடும். அதனாலதான் மேல் பல்லு எடுத்தவங்களை மூக்கைச் சிந்தாதே, தும்மல் வந்தா வாயைத் தொறந்து தும்முன்னு சொல்றாங்க.

அம்மாகிட்ட இதை விளக்கிட்டு இருக்காத. "டாக்டர் கண்ணையும் செக் பண்ணிட்டாரு"ன்னு சொல்லிடு, சோறு போடுவாங்க.

17 அக்டோபர்

தங்கச்சி ரெண்டாவது டாக்டர்கிட்ட போயிட்டு வந்து எழுதியிருக்கு: வலது கீழ்ப்பல்லு முன்னாடி சாஞ்சு பாதி வெளிய தெரியுது, முன்பக்கத்து கடவாய்ப்பல்லோட பின்சுவத்துல சொத்தை ஆரம்பம். இடது கீழ்ப்பல்லு முழுசா எலும்புக்குள்ள, வேரு நரம்புக்கு கிட்ட. மேல ரெண்டும் நேரா இருக்கு.

இது தெரிஞ்ச பிறகு என் பேச்சு மாறுது. வலது கீழ்ப்பல்லை எடுத்துடு, வலி வர்ற வரைக்கும் உக்காந்திருக்காத. பஸ்ல பக்கத்து ஆள் தோள்ல சாஞ்சு தூங்கற மாதிரி முன்னாடி இருக்குற கடவாய்ப்பல்லு மேல சாஞ்சிருக்கு அது, அந்த இடுக்குல பிரஷ்ஷும் போகாது, நூலும் போகாது. போனா போகட்டும்னு விட்டா ஞானப்பல்லோட சேர்ந்து நல்ல கடவாய்ப்பல்லும் போயிடும். இழப்பு அதுதான். ஞானப்பல்லு போனா யாரும் அழமாட்டாங்க.

வலது மேல்ப்பல்லைக் கூட எடுக்கலாமான்னு கேட்டிருக்கே. கீழ ஜோடி இல்லாத மேல்ப்பல்லு மெல்ல மெல்ல கீழ இறங்கும், ஈறைக் கடிக்கும், கன்னத்தைக் கடிக்கும். அதனால சேர்த்து எடுக்கறது அர்த்தம் உள்ள பேச்சுதான், ஆனா அதுக்கு காசு கையிலேர்ந்து. இடது பக்கம் ரெண்டையும் இப்போதைக்கு தொடாத.

17 அக்டோபர், கொஞ்ச நேரம் கழிச்சு

"எக்ஸ்ரே பாத்தா நமக்கென்ன புரியும்"னு ஈசூன்காரர் கேட்டார். ஓரளவு புரியும் அண்ணே. வாய் முழுக்கத் தெரியற அந்த நீளப்படம் இருக்குல்ல, அதுல கீழ்த்தாடைக்குள்ள ரெண்டு வெள்ளைக்கோட்டுக்கு நடுவுல கருப்பா ஒரு குழாய் ஓடும். அதுக்குள்ளதான் கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி குடுக்கற நரம்பு. பல்லு வேரு அந்தக் குழாய் மேல படற இடத்துல வெள்ளைக்கோடு அறுந்து தெரிஞ்சாலோ, வேரு அங்க மட்டும் கருப்படிச்சிருந்தாலோ, குழாயே வளைஞ்சு போனாலோ கவனம். அப்பதான் சிபிசிடின்னு முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வாங்க. அந்த மூணுல ஒண்ணும் இல்லாம ஸ்கேன் எடுக்கச் சொன்னா எதுக்குன்னு கேளுங்க, டாக்டர் கோச்சுக்க மாட்டாரு.

18 அக்டோபர்

நரம்பு அடிபட்டா வாய் கோணிடுமான்னு கேள்வி. கோணாது. முகத்தை அசைக்கற நரம்பு வேற, இது உணர்ச்சி நரம்பு. அடிபட்டா உதடு, மோவாய், சில சமயம் நாக்கு ஒரு பக்கம் மரத்துப்போகும், எறும்பு ஊறும். பெரும்பாலும் வாரக்கணக்குல மாசக்கணக்குல திரும்பிடும். நிரந்தரமா தங்கறது பொதுவா நூத்துல ஒண்ணுக்கும் கீழ, ஆனா வேரு நரம்போட ஒட்டியிருக்கற ஆளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, ரிஸ்க் கூட.

அந்த மாதிரி கேஸுக்கு பல்லோட தலையை மட்டும் வெட்டி எடுத்துட்டு வேரை உள்ளயே விட்டுடற முறை இருக்கு, கொரொனெக்டமின்னு பேரு. வேரு பின்னாடி மெல்ல மேல நகர்ந்து வரலாம், சில பேருக்கு ரெண்டாவது தடவை எடுக்க வேண்டி வரும், அப்ப நரம்பைவிட்டு தள்ளி வந்திருக்கும்ங்கறதால பயம் கம்மி. தங்கச்சி, உன் இடது பல்லு என்னைக்காவது தொந்தரவு குடுத்தா இதைக் கேளு.

20 அக்டோபர்

சரி, என் கதை. நீளமா இருக்கும், வேலை இருக்கறவங்க தாண்டிப் போயிடுங்க.

எனக்கு வலது கீழ்ப்பல்லுதான். முதல்ல காட்டினது வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கிளினிக், அங்கயும் இதே "நாலையும் எடுத்துடலாம்" பாட்டு, அதான் உன் கேள்வியைப் பாத்ததும் பொங்கிட்டேன். பாதி வெளிய தெரியற பல்லு, அது மேல ஈறு ஒரு மூடி போட்டிருக்கும், அதுக்குள்ள சோத்துப்பருக்கை போய் அழுகி வீங்கும். வீங்கினா மேல்ப்பல்லு அந்த வீக்கத்தையே கடிக்கும், இன்னும் வீங்கும். வெதுவெதுப்பா உப்புத்தண்ணி, ஆண்டிபயாட்டிக், ஒரு வாரம் அடங்கும், மறுபடியும் வரும். எச்சில் முழுங்கறதே வேலையாப்போகும். கடைசில ஒரு சர்ஜன்கிட்ட போய் மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு எடுத்தேன், முழு மயக்கம் இல்ல.

ஊசி உள்தாடை ஓரத்துல போடறாங்க, கொஞ்ச நேரத்துல பாதி உதடும் பாதி நாக்கும் நம்மளது இல்ல. மூஞ்சி மேல பச்சைத்துணி, வாய்க்கு மட்டும் ஓட்டை. வலி சத்தியமா இல்ல, ஆனா அழுத்தம் இருக்கு பாரு, அதை யாரும் முன்னாடி சொல்ல மாட்டேங்கறாங்க. டாக்டர் தோள்பட்டை பலத்தையே குடுத்து நெம்புறாரு, உதவிக்கு நின்ன ஆன்ட்டி கீழத்தாடையை ரெண்டு கையாலயும் தாங்கிப் புடிச்சுக்கிட்டு "குட், குட், ஆல்மோஸ்ட் லா"ன்னு சொல்லிட்டே இருக்காங்க, அந்த ஆல்மோஸ்ட் முடியவே இல்ல. மெஷின் சத்தம் காது வழியா இல்ல, எலும்பு வழியா மண்டைக்குள்ள வருது. பல்லை நடுவுல பாதி வரைக்கும் வெட்டிட்டு ஒரு கருவியை உள்ள விட்டு திருகினாரு, "டக்"னு ஒரு சத்தம், எனக்கு தாடையே பிளந்துபோச்சுன்னு நினைப்பு. பிளந்தது பல்லு. முன்துண்டு முதல்ல, வேரு அப்புறம். தையல் போடும்போது நூலு உதட்டு ஓரத்துல உரசிட்டுப் போறது மட்டும் தெரிஞ்சுது, ஏன்னா இடது உதடு முழிச்சுட்டு இருந்துச்சு.

பல்லைக் காட்டினாரு. கொக்கி போட்ட வேரு. வேணுமான்னாரு, வேணாம்னுட்டேன்.

21 அக்டோபர்

"என்எஸ்ல (கட்டாய ராணுவ சேவை) இருக்கும்போதே எடுத்திருக்கணும், காசும் இல்ல, எம்சியும் (மருத்துவ லீவு) கிடைக்கும்"னு ஒரு தம்பி போட்டிருக்கான். கேம்ப்புல இது பழைய ஜோக்குதான், ஃபீல்டு கேம்ப் தேதி வந்ததும் திடீர்னு பாதி பிளட்டூனுக்கு ஞானப்பல்லு வலிக்கும்.

எம்சி பத்தி ஒண்ணு: பல் டாக்டர் குடுக்குற எம்சி செல்லும். வருஷத்துக்கு 14 நாள் சாதா எம்சி, அதையும் சேர்த்து 60 நாள் ஆஸ்பத்திரி லீவு சட்டத்துல இருக்கு, பகல் சர்ஜரின்னா அந்த ஆஸ்பத்திரி லீவுல கழியுமான்னு முன்னாடியே எச்ஆர்ல கேட்டு வச்சுக்க.

22 அக்டோபர்

வொர்க் பர்மிட்ல துவாஸ்ல வேலை பாக்குற தம்பி கேட்டது. உனக்கு மசேநிதி கிடையாது, அதனால மெடிசேவும் இல்ல. கம்பெனி இன்ஷூரன்ஸ்ல பல்லு சேருதான்னு ஆபீஸ்ல கேளு. ஹெல்த்சர்வ்னு தொண்டு அமைப்பு இருக்கு, வெளிநாட்டு ஊழியர்களுக்கு கம்மி காசுல வைத்தியம் பாக்கறாங்க, பல்லும் பாக்கறாங்க. ஊருக்குப் போகும்போது எடுத்துக்கலாம்னு வலி மாத்திரையா முழுங்கிட்டு இருக்காத. முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் தொறக்க முடியாம, முழுங்க முடியாம போனா அது பல்வலி இல்ல, தொத்து கழுத்துக்கு இறங்குது. மூச்சுக்குழாயையே அடைக்கும். நேரா அவசரப்பிரிவு, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சரி.

24 அக்டோபர்

"ஒரு பல்லுக்கு ஊசி போதும், மயக்கம் எல்லாம் வேஸ்ட்டு"ன்னு நான் முன்னாடி வேற ஒருத்தருக்கு சொல்லிட்டு இருந்தேன். யோசிச்சுப் பாத்தா அது எனக்கு சரி, எல்லாருக்கும் இல்ல. தங்கச்சிக்கு நாற்காலில சாஞ்சாலே நெஞ்சு படபடக்குதாம். கையில ஊசி வழியா மருந்து போட்டு அரைத்தூக்கத்துல வைக்கற செடேஷன் இருக்கு, மூச்சு தானாவே விடுவ, கூப்பிட்டா பதில் சொல்லுவ, பாதி ஞாபகம் இருக்காது. பயந்து பாதியில தலையை ஆட்டறதைவிட இது எவ்வளவோ மேல். காசு கூடத்தான், ஆடம்பரம் இல்ல.

செடேஷனோ முழு மயக்கமோ, ஆறு மணிநேரம் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்தணும், பால் கலந்த டீயும் சாப்பாட்டுக் கணக்குதான். கூட்டிட்டுப் போக ஆள் வேணும். தனியா எம்ஆர்டி ரயில்ல வர்றேன்னா விடமாட்டாங்க.

28 அக்டோபர்

நேத்து முடிஞ்சுதாம்! வலது மேலயும் கீழயும். தங்கச்சி தட்டச்சு பண்ணதுல பாதி எழுத்து பறந்துபோச்சு, இன்னும் மருந்து இறங்கலபோல.

இன்னைக்கு முழுக்க எச்சில்ல ரோஸ் கலர் வரும், அது ரத்தப்போக்கு இல்ல. நிஜமாவே வடிஞ்சா சுத்தமான காஸ் துணியை நனைச்சு, மடிச்சு, காயத்து மேல வச்சு அரைமணி நேரம் இறுக்கிக் கடி, நடுவுல எடுத்து எடுத்துப் பாக்காத. அதுக்கும் நிக்கலைன்னா நனைச்ச டீத்தூள் பையைக் கடிக்கறது பழைய கைவைத்தியம்தான், தேயிலைல இருக்குற துவர்ப்பு ரத்தத்தைக் கட்டும், பல்லு டாக்டருங்களே சொல்வாங்க. அப்புறமும் நிக்கலைன்னா கிளினிக்குக்கு போன்.

துப்பாத. உறிஞ்சாத. ஸ்ட்ரா வேணாம், பபிள் டீ கடைப்பக்கமே போகாத. முதல் நாள் கொப்பளிக்கவே வேணாம், ரெண்டாம் நாள்லேர்ந்து உப்புத்தண்ணியை வாயில வச்சு தலையை சாய்ச்சு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் விட்டு, தானா விழ விடு. ஐஸ் வெளிக்கன்னத்துல, துணி சுத்தி, வச்சு வச்சு எடு. தலைகாணி ரெண்டு.

மாத்திரை மரப்பு விடறதுக்கு முன்னாடியே போட்டுடணும், வலி வந்த பிறகு துரத்திட்டு ஓட முடியாது. சாப்பிட்டுட்டு போடு, அல்சர் ஆஸ்துமா இருந்தா இன்னேரம் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும்.

30 அக்டோபர்

"நேத்தைவிட இன்னைக்கு ஜாஸ்தி வீங்கியிருக்கு, கெட்டுப்போச்சா?" கெட்டுப்போகல. வீக்கம் ரெண்டாம் நாள் மூணாம் நாள்தான் உச்சம். வாய் ரெண்டு விரல் கூட தொறக்காது, அதுவும் சகஜம், தசை இறுகியிருக்கு. இனிமே ஐஸை விட்டுட்டு வெதுவெதுப்பு ஒத்தடம். கன்னம் மஞ்சளாவும் பச்சையாவும் மாறி கழுத்துக்கு இறங்கினாலும் பயப்படாத, ரத்தக்கட்டுதான் கரையுது. நாலாம் நாளுக்கு மேல வீக்கம் ஏறிக்கிட்டே போனா, காய்ச்சல் வந்தா, அது வேற.

31 அக்டோபர்

காஞ்ச குழின்னு ஒண்ணு இருக்கு, டிரை சாக்கெட். எல்லாரும் பயமுறுத்தறாங்கன்னு தங்கச்சி எழுதியிருக்கறதால சொல்றேன்.

பல்லு எடுத்த குழியில ரத்தம் உறைஞ்சு மூடி போட்டுக்கும், எலும்புக்கு அதுதான் போர்வை. அது கரைஞ்சோ கழண்டோ போனா எலும்பு அம்மணமா நிக்கும். கீழ்ப்பல்லுலதான் பெரும்பாலும். சிகரெட் புடிக்கறவங்களுக்கும், கருத்தடை மாத்திரை எடுக்கறவங்களுக்கும் கொஞ்சம் ஜாஸ்தி. எனக்கு சிகரெட்டும் இல்ல, ஸ்ட்ராவும் இல்ல, சொன்னதெல்லாம் அப்படியே செஞ்சேன், அப்படியும் வந்துச்சு. சில சமயம் வரும், அவ்வளவுதான், யாரையும் குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

அடையாளம் என்னன்னா, வலி குறைஞ்சுக்கிட்டே வந்து நல்லாயிடுச்சுன்னு நினைக்கும்போது திரும்பி ஏறும். குழியில வலிக்கறதைவிட காதுல வலிக்கும். நெத்திப்பொட்டுல வலிக்கும். பனடால் போட்டா கேக்காது. வாயில ஒரு நாத்தம், நம்ம நாத்தமே நமக்குப் புடிக்காது. நான் ஷிஃப்ட்டுல இருந்தேன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற பையன் "அண்ணே காதுல என்ன, தண்ணி போயிடுச்சா"ன்னான், அப்பதான் கவனிச்சேன், நான் ரொம்ப நேரமா காதைப் பொத்திக்கிட்டு நின்னுருக்கேன்.

அதுக்கு ஆண்டிபயாட்டிக் பிரயோஜனம் இல்ல, அது தொத்து இல்ல. கிளினிக்குக்குப் போனா வெதுவெதுப்பான உப்புநீரை ஊசி இல்லாத சிரிஞ்சில ஏத்தி குழியைக் கழுவுவாங்க, சாம்பல் கலர்ல என்னென்னமோ வெளிய வரும், பாக்காத. அப்புறம் இடுக்கில ஒரு சிட்டிகை, பழுப்பு கலர், நார்நாரா, அதைக் குழிக்குள்ள அமுக்குவாங்க. கிராம்புத்தைலம் சேர்ந்த மருந்து. அமுக்கற நேரம் உயிர் போகும். நாற்காலிலேர்ந்து இறங்கி பில் கட்டற கவுண்டருக்கு நடந்து போறதுக்குள்ள காது வலி நின்னுடுச்சு, நான் அந்த ரிசப்ஷன் பொண்ணைப் பாத்து காரணமே இல்லாம சிரிச்சேன். ரெண்டு மூணு தடவை மருந்தை மாத்துவாங்க, ஒரு வாரம் பத்து நாள்ல எலும்பு மேல சதை மூடிடும்.

வீட்டுல கிராம்புத்தைலம் இருக்குன்னு நீங்களே பஞ்சுல நனைச்சு குழிக்குள்ள திணிக்காதீங்க, ஈறு வெந்துபோகும்.

1 நவம்பர்

குழியில வெள்ளையா மஞ்சளா படிஞ்சிருக்கு, சீழான்னு போட்டோ போட்டிருக்கே. அது ஆறற சவ்வுதான், தோல்ல காயத்துக்கு பொருக்கு, வாய்க்குள்ள ஈரத்துல அது இப்படி. காதுபஞ்சு விட்டு சுரண்டினேன்னு வேற எழுதியிருக்கே! கையை எடு மொதல்ல.

வாய் கொப்பளிக்க குடுத்த குளோர்ஹெக்ஸிடின் பல்லுல பழுப்புக்கறை பிடிக்கும், கோப்பியும் டீயும் சேர்ந்தா இன்னும் பிடிக்கும். பின்னாடி கிளீன் பண்ணினா போயிடும். ருசி கொஞ்ச நாள் மாறும்.

4 நவம்பர்

சாப்பாடு. இதுல நம்ம ஆளுங்களுக்கு ஒரு தப்புக்கணக்கு, இட்லி மெத்துன்னு இருக்கு, நல்லதுன்னு. இட்லி உதிரும், உதிர்ந்தது குழிக்குள்ள போய் உக்காரும். ரவா உப்புமா அதைவிட மோசம். முதல் வாரம் எனக்கு கைகொடுத்தது கேழ்வரகு கூழ், மோர் விட்டு, சூடு ஆறினது. அப்புறம் கோப்பிக்கடைல டவ் ஹுவே (இனிப்பு சோயா தயிர் மாதிரி), கரண்டி வச்சாலே வழுக்கிட்டு உள்ள போயிடும், மெல்லற வேலையே இல்ல. மீன் கஞ்சி வாங்கினா இஞ்சித்துண்டை எடுத்துடச் சொல்லு, மிளகு வேணாம்னு சொல்லு. குழைய விட்ட ரசஞ்சோறு, பருப்புத்தண்ணி, மசிச்ச உருளைக்கிழங்கு, மைலோ ஆறவச்சு. சம்பால் மிளகாய் விழுது பக்கம் திரும்பாத. தெம்பனீஸ் அக்கா பழஞ்சோறு போட்டிருந்தாங்க, கரைச்சு வடிகட்டினா சரி, பச்சைமிளகாய் கடிச்சுக்க முடியாதே, அப்புறம் என்ன பழஞ்சோறு.

எனக்கு அந்த வாரத்துல மனசு கஷ்டம் சாப்பாட்டுனால இல்ல, வாசனையால. ராத்திரி பத்து மணிக்கு கீழ் பிளாக்லேர்ந்து பரோட்டா கல்லு சத்தம் வரும் பாருங்க...

6 நவம்பர்

மலேசியா ஜோகூர் போய் எடுத்தா பாதி காசுன்னு ஒருத்தர். காசு கம்மி உண்மை, டாக்டருங்களும் நல்ல டாக்டருங்க. சொத்தை அடைக்க, கிளீன் பண்ண நானே போவேன். சர்ஜரிக்கு யோசிங்க: மூணாம் நாள் காது வலிக்கும்போது, மூஞ்சி வீங்கிட்டு, வெள்ளிக்கிழமை சாயந்தரம் காஸ்வேல, எல்லைப்பாலத்து நெரிசல்ல நிப்பீங்களா? அந்த ஒரு காரணத்துக்காகவே நான் வேணாம்பேன்.

தீபாவளிக்கு திருச்சி போற அண்ணனுக்கு: கீழ்ப்பல்லு மட்டும்னா விமானம் பிரச்சனை இல்ல. மேல்ப்பல்லு எடுத்து சைனஸ் தொறந்திருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்தா அவரைக் கேக்காம ஏறாதீங்க. ஊருல போய் தையல் பிரிக்கணுமான்னும் கேட்டுக்கங்க, கரையற நூலுன்னா தானா உதிரும், கருப்புப் பட்டுநூலுன்னா ஒரு வாரத்துல யாராச்சும் வெட்டணும்.

10 நவம்பர்

ஞாயித்துக்கிழமை தீபாவளி, முறுக்கு திங்கலாமான்னு கேள்வி வந்தாச்சு. ரெண்டு வாரம் ஆச்சு, தையல் இல்ல, வாய் தொறக்குது. இடது பக்கமா கடிச்சா தடுக்க மாட்டேன், ஆனா முறுக்கு ஒடையற சில்லு எந்தப் பக்கம் பறக்கும்னு யாருக்குத் தெரியும். அதிரசம் தின்னு. பாதுஷா தின்னு. முறுக்கை டப்பால போட்டு வை, நமத்துப்போனா என்ன, உனக்கு இப்போ நமத்த முறுக்குதான் நல்லது. தேக்கா கடைவீதிக் கூட்டத்துல யாராவது முழங்கையால கன்னத்துல இடிச்சுடப்போறாங்க, அதுக்கும் கவனம்.

19 நவம்பர்

குழி இன்னும் மூடலையேன்னு தங்கச்சிக்கு கவலை. ஈறு மூடறதுக்கே சில வாரம் ஆகும், உள்ள எலும்பு நிரம்ப மாசக்கணக்கு. அதுவரைக்கும் சோறு போகும். ஃபார்மசில வளைஞ்ச மூக்கு வச்ச பிளாஸ்டிக் சிரிஞ்சி கேளு, வெதுவெதுப்பான தண்ணி, சாப்பாட்டுக்கு அப்புறம் மெதுவா அடி. முன்னாடி இருக்குற கடவாய்ப்பல்லோட பின்சுவரு இப்பதான் முதல்தடவையா வெளிச்சம் பாக்குது, கொஞ்ச நாள் கூசும், அங்க ஆரம்பிச்சிருந்த சொத்தையை இப்பவே போய் அடைச்சுடு, அதுக்காகத்தானே இவ்வளவும். இடது பக்கத்துப் பல்லுங்களை டாக்டர் சொல்ற இடைவெளில எக்ஸ்ரேல பாத்துக்கிட்டே இரு.

20 நவம்பர்

பெடோக்லேர்ந்து ஒரு ஐயா, 63 வயசு, இதயத்துக்கு ரத்தம் இளக்குற மாத்திரை, சர்க்கரையும் இருக்கு, கீழ ஞானப்பல்லு வீங்கிருக்கு, பல்லு எடுக்கறதுக்காக மாத்திரையை ரெண்டு நாளா நிறுத்திட்டேன்னு எழுதியிருக்காரு. ஐயா, நீங்களா நிறுத்தாதீங்க. இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு பண்ண வேண்டியது அது, நிறைய சமயம் நிறுத்தாமலேயே எடுப்பாங்க, குழியில ரத்தம் கட்டற பஞ்சு வச்சு தச்சுடுவாங்க. ரத்தம் வடிஞ்சா கடிச்சு நிறுத்தலாம், இதயத்துல கட்டினா என்ன பண்றது? இன்னைக்கே மாத்திரை குடுத்த டாக்டருக்கு போன் போட்டு, ரெண்டு நாளா போடலைங்கறதைச் சொல்லுங்க. எலும்பு அடர்த்தி குறையறதுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசி ஏதாவது போட்டிருந்தா அதையும் பல் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, அந்த மருந்து இருந்தா தாடை எலும்பு ஆறாம போக வாய்ப்பிருக்கு. எல்லா மாத்திரை பேரும் அளவும் ஒரு சீட்டுல எழுதி, கடைசியா எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டோட சேர்த்துக் கொண்டுபோங்க. பையன் வீட்டுல இருந்தா அவனையே எழுதச் சொல்லுங்க, உங்க கையெழுத்தை உங்க டாக்டராலயே படிக்க முடியாதுன்னு நீங்கதானே போன வாரம் சொன்னீங்க.